அந்திப் பொழுதும் ஸ்லோ குக்கரும்

சென்ற தவணையில் பத்தாம் தர மனைப் பொருளியல் வகுப்பில் நேர முகாமைத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் 5 மணி தொடக்கம் இரவு 9 மணி வரை வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஓர் அட்டவணை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் கொப்பிகளை வாங்கிப் பார்த்தபோது அநேகமாக எல்லாவற்றிலும் உம்மாவின் நிரலில் ஒரே சொல்தான் மேலிருந்து கீழ் வரை இருந்தது: சமையல். ஒரு பிள்ளை எழுந்து, "உம்மா இருந்து சாப்பிடுறத நான் கண்டதே இல்ல டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது.

என் வீட்டு அட்டவணையும் வேறு மாதிரி இருக்கவில்லை. பாடசாலை விட்டு வந்து, பகல் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி, சற்றுத் தலை சாய்ப்பதற்குள் இராச் சாப்பாட்டுக்கு இறைச்சி எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் கணக்குக் கேட்கும் நேரத்தில் நான் குசினியில் நிற்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை ஒரு ஸ்லோ குக்கரைக் கொண்டு வந்து தந்தாள். மூன்று மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது. அதைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றை மாணவிகளுக்கும், இச்சஞ்சிகையை வீட்டில் வாசிக்கும் பெற்றோருக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். சிலருக்கு இதை வாங்க வேண்டாம் என்றும் சொல்லவிருக்கிறேன்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். தடித்த பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றி மின்கம்பிச் சுருள் ஓடும் ஓர் உலோக உறை, ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான். பிரஷர் குக்கர் நீராவியை அடக்கி வைத்து, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 பாகை வரை உயர்த்தி, அரை மணி நேரத்தில் இறைச்சியை மெதுவாக்கிவிடும். ஸ்லோ குக்கர் நேரெதிரான வழியில் போகிறது. அது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நின்று ஆறு, எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மாட்டின் கழுத்து, கால் போன்ற பகுதிகளில் கொலாஜன் என்னும் புரதம் நிறைய உண்டு. அதனால்தான் அவ்விறைச்சி சவ்வாக இழுபடுகிறது. ஈரமான சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் இந்தக் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். நாரும் பிரியும், குழம்பும் தானாகவே தடிப்பாகும். ஆகவே விலை கூடிய இறைச்சி இதற்குத் தேவையில்லை. மலிவான பகுதிதான் இதில் ருசி.

இதன் பிறப்புக் கதை சுவையானது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியியலாளர் இருந்தார். யூதர்கள் சனிக்கிழமை நெருப்பு மூட்டுவதில்லை. எனவே லித்துவேனியாவின் வில்னா பக்கத்தில் வாழ்ந்த அவருடைய முன்னோர், வெள்ளிக்கிழமை பொழுது சாய முன் இறைச்சியும் பயறு வகையும் நிறைந்த சட்டியை ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டு போய், அணைந்து வரும் போறணையில் வைத்துவிடுவார்களாம். மறுநாள் அது பதமாக வெந்திருக்கும். தாயிடம் இதைக் கேட்டிருந்த நாக்ஸன், போறணைக்குப் பதிலாக மின்சாரத்தை வைத்து ஒரு சட்டி அமைத்து 1940 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1970 இல் அவருடைய நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கியது. அடுத்த வருடம் அதுவே 'க்ரொக்-பொட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் அமெரிக்காவில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் அந்த எண்ணம் ஓர் இனத்துக்கோ நாட்டுக்கோ மட்டும் உரியதல்ல. மொரோக்கோவின் மராகேஷ் நகரில் 'தன்ஜியா' என்றொரு சாப்பாடு உண்டு. கூசா போன்ற மண் பாத்திரத்தில் இறைச்சி, உள்ளி, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை எல்லாவற்றையும் போட்டு வாயைக் கட்டி, பொதுக் குளியலறைக்கு நீர் சுடவைக்கும் உலையின் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்வது பெரும்பாலும் ஆண்கள் என்பதை மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். டில்லியின் 'நிஹாரி'யும் இரவு முழுவதும் வெந்து விடியலில் பரிமாறப்படுவது. நஹார் என்றால் அரபியில் பகல். எங்கள் மூத்தம்மாவும் சமைத்து முடிந்த அடுப்பின் தணலை வீணாக்கமாட்டார். அதில் எலும்புச் சட்டி ஒன்று இருக்கும்.

இனி எங்கள் ஆணத்துக்கு வருவோம். நான் முதன்முதல் வைத்த மாட்டிறைச்சியைப் பார்த்து மாமி, "இது ஆணமா, கழுவின தண்ணியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. மூடியில் படியும் நீராவி திரும்பச் சட்டிக்குள்ளேயே வடிவதால் இதில் நீர் வற்றாது. அடுப்பில் ஊற்றும் அளவு நீரை ஊற்றினால் கறி சப்பென்று போகும். இப்போது நான் செய்யும் முறை இதுதான்.

ஒரு கிலோ இறைச்சிக்கு அரைக் கோப்பை நீர் போதும். உருளைக்கிழங்கை அடியில் பரப்ப வேண்டும். கிழங்கு இறைச்சியைவிட ஆறுதலாக வேகும், அடியிலும் ஓரத்திலும்தான் சூடு அதிகம். அதன் மேல் வெங்காயம், இஞ்சி, உள்ளி, பிறகு மிளகாய்த்தூளும் வறுத்த கறித்தூளும் மிளகும் உப்பும் பிரட்டிய இறைச்சி. கறுவா, கராம்பு, ஏலம் ஆகியவற்றை வழக்கத்தில் பாதி போடுங்கள். எட்டு மணி நேரத்தில் அவற்றின் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், கூடிய சூட்டில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம். தேங்காய்ப் பாலைக் காலையில் ஊற்றினால் திரைந்துவிடும். வீடு திரும்பிய பின் கடைசி அரை மணி நேரத்தில் முதற்பாலைச் சேருங்கள். வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலையை ஐந்து நிமிடம் எண்ணெயில் தாளித்து மேலே கொட்டினால் மாமியும் ஒத்துக்கொள்ளும் ஆணம் வரும். பக்கத்தில் ரைஸ் குக்கரில் சோறு. அல்லது கடையில் வாங்கிய இடியப்பம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோழியென்றால் எலும்போடு கூடிய தொடைப் பகுதி நல்லது, குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம் போதும். நெஞ்சுப் பகுதி மரத்தூள் போலாகிவிடும். மீனும் கீரையும் இதற்குச் சரிவராது. மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் அடுப்பிலேயே வெந்துவிடும், அதற்கு இதைத் தூக்கி வைப்பது வீண் வேலை.

இதற்கென்றே பிறந்தது போல் இருப்பது நோன்புக் கஞ்சி. ஒரு கோப்பை அரிசி, எட்டுக் கோப்பை நீர், கால் கிலோ பொடியாக வெட்டிய இறைச்சி, ஒரு முழு உள்ளி, இஞ்சி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ரம்பை, சிறு துண்டு கறுவா. லுஹருக்குப் பின் கூடிய சூட்டில் வைத்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அரிசி கரைந்துவிடும். அடிப்பிடிக்குமோ என்று கரண்டியோடு நிற்க வேண்டியதில்லை. பாலும் உப்பும் கடைசியில்.

பாதுகாப்பு விடயங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கையேட்டை வாசிக்கும் வழக்கம் எங்களிடம் குறைவு. உணவைக் கெடுக்கும் பக்டீரியா 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் வேகமாகப் பெருகும். உறைந்த இறைச்சியை அப்படியே சட்டியில் போட்டால் அது இந்த இடைவெளியில் பல மணி நேரம் தங்கிவிடும். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக விடுங்கள். வெட்டியவற்றை வேறு பாத்திரத்தில் வையுங்கள், பீங்கான் சட்டியில் வேண்டாம். குளிர்ந்த பீங்கான் திடீர்ச் சூட்டில் வெடிக்கக்கூடும். சட்டியைப் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் நிரப்புங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். ஒருமுறை திறந்தால் இழந்த சூடு ஏற இருபது நிமிடமாவது ஆகும். வீட்டில் ஆளில்லாத நேரம் இயங்குவதால், சுவர் பிளக்கிலேயே நேரடியாகச் செருகி, சுற்றிவரத் துணியோ கடதாசியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு ராஜ்மா விதை பற்றித் தனியாகச் சொல்கிறேன். அதில் லெக்டின் வகை நச்சொன்று உண்டு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். கொதிநிலைக்குக் கீழே, 80 பாகையளவில் நின்றால் அழியாது, பச்சை விதையைவிட நச்சுத்தன்மை கூடவும் இடமுண்டு. நாலைந்து விதை தின்றாலே கடும் வாந்தி வரலாம். ஆகவே ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரில் அடுப்பில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே ஸ்லோ குக்கருக்குள் போட வேண்டும்.

அடுத்தது எங்கள் நாட்டுக்கே உரிய பிரச்சினை, மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஸ்லோ குக்கருக்குக் குரங்கைத் தெரியாது. குமிழ் திருகும் வகையில் மின்சாரம் வந்ததும் அது பேசாமல் மீண்டும் சூடாகத் தொடங்கும். நாங்கள் மாலையில் வந்து தொட்டுப் பார்த்தால் சுடும். நடுவில் மூன்று மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. பொத்தான் வகை பெரும்பாலும் நின்றுபோய்விடும், அதுவாவது உண்மையைச் சொல்லும். வீட்டில் மைக்ரோவேவ் இருந்தால் அதன் கடிகாரம் பூச்சியத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். நானும் ஒருமுறை ஒரு கிலோ இறைச்சியைக் கண்கலங்கக் கொட்டினேன். வீட்டிலிருக்கும்போது மின்சாரம் போனால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடலாம்.

மின் கட்டணத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்றரை லீற்றர் சட்டி ஏறக்குறைய 200 வாட். எட்டு மணி நேரம் முழுதாக எடுத்தாலும் 1.6 அலகு, குறைந்த சூட்டில் அதைவிடக் குறையும். 2000 வாட் கேத்தல் 48 நிமிடத்தில் அதே அளவை எடுத்துவிடும். ஆனாலும் கிழமைக்கு ஐந்து நாள் வைத்தால் மாதம் முப்பது அலகுக்கு மேல் போகலாம். எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், எல்லைப் படியில் நிற்கும் வீடுகள் பட்டியலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களும், பகலில் வீட்டில் ஆளிருப்பவர்களும் இதை வாங்கத் தேவையில்லை. கறியை அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் கனத்த போர்வையால் இறுகச் சுற்றி, வைக்கோலோ பழந்துணியோ அடைத்த பெட்டிக்குள் வைத்தால் அதுவும் தன் சூட்டிலேயே வேகும். சில மணி நேரத்தில் எடுத்து மீண்டும் ஒரு கொதி கொதிக்கவிட வேண்டும். கேஸ் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் எங்கள் வீட்டுக் கடலை இப்படித்தான் வெந்தது.

இவ்வளவும் செய்த பின்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதமும் நான் 4.15க்கு எழும்பி வெங்காயம் உரித்து, இறைச்சி கழுவி, சட்டியை நிரப்பிவிட்டு சுபஹுக்குப் போனேன். மாலையில் வேலை இருக்கவில்லை. ஆனால் 8 மணிக்கே உட்கார்ந்த இடத்தில் உறங்கிவிட்டேன். இந்தச் சட்டி வேலையைக் குறைப்பதில்லை, நேரத்தை மாற்றுகிறது. உம்மாவின் அந்தி வேலையை உம்மாவின் விடியலுக்கு மாற்றினால் அட்டவணையில் பெட்டிதான் இடம் மாறும். வெட்டுவதும் உரிப்பதும் முதல் நாள் இரவு, சாப்பிட்ட கையோடு, எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரத்தில் செய்யக்கூடியவை. அடுப்பில் சமைத்த காலத்தில் "அந்த நேரம் நாங்கள் வீட்டில் இல்லையே" என்று சொல்ல இடமிருந்தது. இப்போது அந்தச் சாட்டு இல்லை.

எங்கள் வீட்டில் இறைச்சி கழுவுவது அவர். தூள் பிரட்டுவது மகள். அவளுக்கு ருசி தெரியும். பதின்மூன்று வயது மகனுக்குக் கிழங்கும் வெங்காயமும். கண் எரிகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். அவன் வெட்டும் கிழங்குத் துண்டுகள் ஒன்று எலுமிச்சையளவு, மற்றது கொட்டைப் பாக்களவு. காலையில் பெரியவற்றை அடியிலும் சிறியவற்றை மேலேயும் போட்டு மூடிவிட்டு நான் பாடசாலைக்கு வருகிறேன்.