கருவியும் செவியும்

காலத்தால் மாறாத பொருள் உலகில் இல்லை. கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள கரிசற்காட்டை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை பெய்யுங்கால் கரிசல் மண் நீரை உண்டு பருக்கும். நடப்பவர் காலைப் பற்றி இழுக்கும். சித்திரை, வைகாசியில் அம்மண்ணே உலர்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண் ஒன்றே; ஈரமும் வெப்பமும் அதன் தன்மையை மாற்றுகின்றன. மண்ணுக்குப் பொருந்தும் இவ்விதி, ஒலி எழுப்புதற்கென்று மனிதன் செய்துகொண்ட கருவிகளுக்கும் பொருந்தும்.

ஒலி என்பது அசைவின் விளைவு. தோலோ, நரம்போ, தட்டையோ அதிரும்போது, அதனைத் தொட்டு நிற்கும் காற்றும் அதிர்கின்றது. அவ்வதிர்வு செவியை அடைந்து ஒலியாகின்றது. ஆகவே, அதிரும் பொருள் நெகிழ்ந்தால் ஒலியும் நெகிழும். பொருள் இறுகினால் ஒலியும் இறுகும். பறையடிப்போர் கூத்துத் தொடங்குமுன் பறையைத் தீயில் காய்ச்சுவது இக்காரணம் பற்றியே. ஈரத்தால் தளர்ந்த தோல், வெம்மையால் முறுக்கேறிக் கணீரென ஒலிக்கும். தென்பாண்டி நாட்டு வில்லிசையில் பயிலும் குடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தாலும் அதன் முழக்கம் கெடும்.

நாதசுரமும் இதற்கு நல்ல சான்றாகும். அதன் வாயில் பொருத்தப்படும் சீவாளி, கொறுக்கை என்னும் நாணல் வகையால் ஆனது. புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும். கலைஞர் அதனை நனைத்து ஊதிப் பதப்படுத்துவர். பதம் வந்த சீவாளி சில காலம் இனிது ஒலிக்கும்; பின்னர் அளவிற்கு மேல் நைந்து ஒலி தளரும். நாதசுரத்தில் வேறு சீவாளிகள் கோத்துத் தொங்கவிடப்பட்டிருத்தல் இதனாலேயே ஆகும். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-ஆம் ஆண்டில் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுர இசையை, 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் திரைப்படத்தின் வாயிலாக இன்றும் கேட்கலாம். அத்தகைய பெருங்கலைஞரின் இசையும் ஒரு சிறு நாணல் தட்டையின் பதத்தைச் சார்ந்தே பிறந்தது. கருவியின் நிலையறிந்து பேணுதலும் கலையின் ஒரு பகுதியே.

இக்காலத்தில் அக்கலைஞரின் இசையைப் பலர் ஹெட்போன் என்னும் கருவியைக் காதில் அணிந்து தனித்துக் கேட்கின்றனர். அமெரிக்க நாட்டினரான நத்தேனியல் பால்டுவின் என்பவர் 1910-ஆம் ஆண்டில் தலையில் அணியத்தக்க இத்தகைய கருவியைத் தம் வீட்டில் செய்து, அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். 1958-இல் ஜான் காஸ் என்பவர், இரு காதுகளுக்கும் வெவ்வேறு ஒலி தந்து இசையை நிறைவாகக் கேட்கச் செய்யும் ஹெட்போனை உருவாக்கினார். பெரும்பாலான ஹெட்போன்களின் அமைப்பு எளியது. உள்ளே ஒரு காந்தம் உண்டு. காந்தத்தின் அருகே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அச்சுருள், மிக மெல்லிய சவ்வு ஒன்றில் ஒட்டப்பட்டிருக்கும். பாட்டின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப மின்சாரம் சுருளில் பாயும்போது, சுருள் காந்தத்தால் முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது, சவ்வு அதிர்கின்றது, ஒலி பிறக்கின்றது. சுருங்கக் கூறின், விரலால் அடிக்கப்படும் தோலுக்கு ஈடாக மின்சாரத்தால் அசைக்கப்படும் ஒரு சிறு சவ்வு இங்கே உள்ளது.

ஓராண்டு, ஈராண்டு கடந்தபின், “இக்கருவி முன்போல் ஒலிக்கவில்லையே” என்று அதனை உடையவர் வருந்துவது உண்டு. சவ்வு பழுதுற்றது போலும் என அவர் எண்ணுவர். ஆனால், பெரும்பாலும் குறை சவ்வில் இல்லை. அதனைச் சுற்றியுள்ள பொருள்களிலேயே உள்ளது.

முதற்காரணம், காதைச் சூழ்ந்து அமரும் மெத்தை. அது நுரைப்பஞ்சாலும் செயற்கைத் தோலாலும் ஆனது. காதுக்கும் கருவிக்கும் இடையே உள்ள சிறிது காற்றை வெளியேறாமல் அடைத்து வைப்பது அதன் வேலை. தாழ்ந்த ஒலியாகிய மந்தரம் நிறைந்து கேட்க இவ்வடைப்பு இன்றியமையாதது. நாள்தோறும் அழுந்துவதால் பஞ்சு தட்டையாகின்றது. வியர்வையின் ஈரமும் வெயிலின் வெம்மையும் செயற்கைத் தோலின் கட்டமைப்பைச் சிதைக்கின்றன. அது செதில் செதிலாக உதிர்கின்றது. அடைப்புத் தளர்ந்தவுடன் காற்றுக் கசிகின்றது, மந்தரம் மெலிகின்றது, பாட்டு வெறுமையாகத் தோன்றுகின்றது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த மெத்தையும் காற்றிலுள்ள ஈரத்தால் காலப்போக்கில் உதிர்வதுண்டு.

இரண்டாவது காரணம், அடைசல். காதின் உள்ளே செருகும் இயர்போனின் முகப்பில் நுண்ணிய வலை ஒன்று உண்டு. காதுக்குறும்பி அதில் படிந்து துளைகளை மூடும். துளை மூடினால் உயர்ந்த ஒலியாகிய தாரம் முதலில் மங்கும்; பின்னர் முழு ஒலியும் குறையும். ஒருபுறம் மட்டும் அடைபடுமாயின், பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நின்று பாடுவது போலத் தோன்றும். ஆடிக்காற்று வீசுங்காலத்தில் கரிசற்காட்டுப் புழுதி வீட்டினுள்ளும் நுழைவதை யாவரும் அறிவர். புழுதியோ, ஒரு மயிரோ உள்ளே சென்று சவ்வின்மேல் கிடந்தால், சவ்வு அதிருந்தோறும் கரகரப்பு எழும்.

மூன்றாவது காரணம், கம்பி. கம்பியின் உள்ளே மெல்லிய செம்பிழைகள் பல உள்ளன. மடக்கியும் இழுத்தும் பயன்படுத்துங்கால், கயிறு புரி புரியாக அறுவது போல அவ்விழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒலி விட்டு விட்டுக் கேட்பதற்கு இதுவே பெரும்பான்மைக் காரணம். கம்பியில்லாக் கருவியில் இக்குறை இல்லை. எனினும், அதன் பேட்டரி ஆண்டுக்காண்டு ஆற்றல் குன்றும்.

சவ்வு மூப்படைவதே இல்லை என்று கூற முடியாது. அளவிறந்த ஒலியை நெடுநேரம் எழுப்பினால் சுருள் சூடேறிக் கெடலாம், சவ்வும் உருக்குலையலாம். ஆயினும், அளவோடு பயன்படுத்தப்படும் கருவியில் சவ்வின் மாற்றம் மிகச் சிறிது. சீவாளியைப் போலவே புதிய ஹெட்போனும் பல மணி நேரம் ஒலித்த பின்னரே இனிமை பெறும் என்பர் சிலர். அளவுகருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது அத்தகைய மாற்றம் மிகக் குறைவாகவே காணப்பட்டது. மாறுவது பெரிதும் கேட்பவரின் பழக்கமே. கோவில்பட்டியின் நூற்பாலையுள் முதன்முறை நுழைபவர் பொறிகளின் இரைச்சலால் திகைப்பர். சில நாளில் அது பெரிதாகத் தோன்றாது. செவி பழகியதேயன்றி இரைச்சல் குறைந்ததில்லை.

இங்கேதான் ஒரு பெருந்தீங்கு மறைந்திருக்கின்றது. மெத்தை நைந்தாலும், வலை அடைத்தாலும் ஒலி மெலிகின்றது. கேட்பவர் காரணத்தை ஆராயாமல் ஒலியின் அளவைக் கூட்டுகின்றார். செவி அதற்கும் பழகுகின்றது, மேலும் கூட்டுகின்றார். கருவியில் நேர்ந்த சிறு குறையை நிரப்பச் செவியே விலை கொடுக்கின்றது. செவியின் உள்ளே, நத்தைக் கூடு போன்ற உறுப்பில், ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் உள்ளன. ஒலியை உணர்ந்து மூளைக்குச் செய்தி விடுப்பவை இவையே. பேரொலியால் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு வகுத்துள்ளது. 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே கேட்கலாம். சிறுவர்க்கு 75 டெசிபலே தக்கது. காதுக்கு ஊறு செய்யும் முறையில் கேட்பதால், 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர் செவித்திறன் இழக்கும் நிலையில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரிக்கின்றது. காதில் இரைச்சல் எழுதலும், பிறர் பேச்சுத் தெளிவின்றிக் கேட்டலும் செவி கெடுவதன் அறிகுறிகளாம். அவை தோன்றின் மருத்துவரை நாட வேண்டும்.

ஆதலின், ஒலி மங்கியதாகத் தோன்றினால் முதலில் அளவைக் கூட்டுதல் தகாது. காரணத்தை ஆராய்தல் வேண்டும். வலையை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தல் வேண்டும். நைந்த மெத்தையை மாற்றுதல் வேண்டும். அதற்குப் புதுக்கருவியின் விலை வேண்டுவதில்லை. கம்பியை இறுக முறுக்காமல் தளரச் சுற்றி வைத்தல் வேண்டும். வியர்வையைத் துடைத்து, வெயில் படாத பெட்டியில் இடுதல் வேண்டும். இத்துணையும் செய்தபின் ஒலி தெளிவடையாவிடில், அக்கருவியால் வேறொருவரைக் கேட்கச் செய்க. அவர்க்குத் தெளிவாக ஒலிக்குமாயின், குறை கருவியினது அன்று என்பது புலனாகும்.

நைந்த சீவாளிக்கு மாற்றுச் சீவாளி உண்டு. கிழிந்த பறைக்குப் புதுத்தோல் உண்டு. உடைந்த குடத்திற்கு மறுகுடம் உண்டு. வெடித்த கரிசலும் அடுத்த மழையில் மீண்டும் கூடிவிடும். கெட்ட செவி மட்டும் பழைய நிலைக்கு மீளாது. கேள்வி என்னும் பேற்றைச் சிறப்பிக்கத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பேறு நுழையும் வாயில் செவி. கருவியைப் பேணுவோர் பொருளைக் காப்பர். செவியைப் பேணுவோர் அறிவு புகும் வழியைக் காப்பர்.