எப்பாக்சி பிசினில் தீத்தடுப்பிகளின் கூட்டுச் செயல்பாடு

எப்பாக்சி பிசினில் ஒரே தீத்தடுப்பியை மிகுதியாகச் சேர்ப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு வழிகளில் செயற்படும் இரண்டு மூன்று தீத்தடுப்பிகளைச் சிறிதளவில் கலந்து பயன்படுத்தும் முறை கூட்டுத் தீத்தடுப்பு எனப்படும். கலவை தரும் பயன், அதன் உறுப்புகள் தனித்தனியே தரும் பயன்களின் கூட்டுத்தொகையை விஞ்சினால் அது கூட்டாற்றல் விளைவு ஆகும்.

தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கைகள் கப்பலேறுகின்றன. 80 மீட்டருக்கும் நீளமானவை அவற்றில் உண்டு. இவ்வகை இறக்கைகள் கண்ணாடி இழையை எப்பாக்சி போன்ற பிசினால் பிணைத்துச் செய்யப்படுபவை. மின்னல், சூடேறிய தடை, கசியும் எண்ணெய் ஆகியவற்றால் காற்றாலை உச்சியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியின் நீர் அந்த உயரத்தை எட்டாது. பெரும்பாலும் எரிந்து முடியும்வரை காத்திருப்பதே வழி. எனவே தடுப்பு பிசினுக்குள்ளேயே இருப்பது நல்லது.

ஒரு பொருள் தொடர்ந்து எரியத் தேவையான மிகக் குறைந்த ஆக்சிசன் விழுக்காடு ஆக்சிசன் வரம்பு எண் எனப்படும். எப்பாக்சிக்கு இது பொதுவாக 20 முதல் 26 வரை இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிசனோ 21 விழுக்காடு. எண் ஏறத்தாழ 28-ஐத் தாண்டினால் பொருள் தானாக அணையும் என்று கொள்வது வழக்கம்.

அலுமினியம் ஐதராக்சைடு சுமார் 200 பாகை செல்சியசில் சிதைந்து வெப்பத்தை உறிஞ்சும். தன் எடையில் ஏறக்குறைய 35 விழுக்காட்டை நீராவியாக வெளிவிடும். மலிவானது, நச்சற்றது. ஆனால் பிசினின் எடையில் பாதி அளவுக்குச் சேர்த்தால்தான் போதிய பயன் கிட்டும். அப்போது பிசின் மாவுபோலத் தடித்துவிடும். இறக்கை அச்சில் அடுக்கிய உலர் இழைகளுக்குள் பிசினை வெற்றிடத்தால் இழுத்து ஊடுருவச் செய்வார்கள். தடித்த பிசின் அங்கே பாயாது. கூட்டு முறையின் தேவை இங்குதான் எழுகிறது.

அமோனியம் பாலிபாசுப்பேட்டு சூடானதும் பாசுபாரிக் வகை அமிலம் தந்து, பிசினின் மேற்பரப்பைக் கரியாக்கும். உடன் சேர்த்த மெலமைன் வாயுக்களை வெளிவிட, அந்தக் கரி பூரிபோல உப்பி வெப்பத்தை மறிக்கும். டோப்போ எனப்படும் கரிமப் பாசுபரசுச் சேர்மம் தீச்சுடருக்குள் சென்று, எரிதலைத் தொடரச்செய்யும் ஐதரசன், ஐதராக்சில் தனியுறுப்புகளைப் பிடித்துவிடும். ஒன்று பிசினைக் காக்க, மற்றொன்று சுடரைத் தாக்குவதால் குறைந்த அளவே போதுமானதாகிறது.

பழைய இணை புரோமினும் ஆண்டிமனி டிரையாக்சைடும் ஆகும். ஆண்டிமனி தனித்து நின்றால் பயன் மிகக் குறைவு. புரோமினுடன் சேர்ந்து ஆண்டிமனி புரோமைடு வாயுவானால் சுடரைத் திறம்பட அடக்கும். ஆனால் பிசினுடன் வேதிப் பிணைப்பு கொள்ளாத பாலிபுரோமினேற்ற டைபீனைல் ஈதர்கள் மெல்ல வெளியேறி, உயிரினங்களின் கொழுப்பில் சேர்கின்றன. அவற்றுள் சில, 2009-இல் சுடாக்கோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. கடல்நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகளிலும் இவை தங்கக்கூடும் என்பதால், முத்துக்குளித்துறைக் கடலோரத்திற்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

எல்லாக் கலவையும் பயன் தருவதில்லை. மெலமைன் மிகுந்தால் வாயு அழுத்தத்தில் கரி வெடித்துப் பிளவுபடும். அமோனியம் பாலிபாசுப்பேட்டு ஈரத்தில் ஓரளவு கரையும். உப்புக்காற்று வீசும் கரையோரப் பயன்பாட்டுக்கு அதன் துகள்களை மெலமைன் பிசினாலோ சிலிக்காவாலோ உறையிட்டுச் சேர்ப்பது ஏற்றது.