ஒரே வள்ளிக்கு எத்தனை கல்யாணம்?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது 'டர்பைன் வகைகள்' பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நீங்கள் பரீட்சைக்கே படிப்பதில்லை, மலரிலா படிக்கப் போகிறீர்கள்? ஆகவே எங்கள் ஊரில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மணப்பாறையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். மாரியம்மன் திருவிழா என்றால் ஒரு ராத்திரி 'வள்ளி திருமணம்' நாடகம் கட்டாயம் உண்டு. இந்த முறை விழாக் கமிட்டியில் இளவட்டங்கள், "நாடகச் செலவுல பாதி போதும், பெரிய எல்.இ.டி. திரை கட்டி 'ஸ்ரீ வள்ளி' படமே போட்டுரலாம். கதை ஒண்ணுதானே?" என்று கிளப்பிவிட்டார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா நாற்பது வருஷம் நாடக மேடைகளில் ஆர்மோனியப் பின்பாட்டு பாடியவர். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கும் 'கதை ஒண்ணுதானே' என்ற பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். (அந்த மாதம் இரண்டு அரியர் கூடியது தனிக்கதை!)

நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே ஒரு நாடக சபா நடத்தினார். 'கோவலன்', 'பவளக்கொடி' எல்லாம் அவருடையவைதான். நம்ம திருச்சி எம்.கே.தியாகராஜ பாகவதர் 1934-ல் சினிமாவுக்கு வந்ததே 'பவளக்கொடி' மூலமாகத்தான்.

இதில் நம் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் நடப்பது 'ஸ்பெஷல் நாடகம்'. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து வருவார், பபூன் வேறு எங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு நாடகம் ஆரம்பித்துவிடும், விடியக்காலை மாலை மாற்றிக் கல்யாணமும் முடிந்துவிடும். எப்படி? பாட்டும் காட்சி வரிசையும் எல்லாருக்கும் ஒன்றே. எந்தக் கம்பெனி போல்ட்டும் எந்தக் கம்பெனி நட்டிலும் மாட்டுகிற மாதிரி. மெட்ராலஜியில் 'இன்டர்சேஞ்சபிலிட்டி' என்று படிக்கிறோமே, அதைச் சுவாமிகள் மேடையில் செய்துவிட்டார்!

ஆனால் பாட்டுகளுக்கு நடுவே வருகிற பேச்சு அவரவர் சொந்தச் சரக்கு. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டும்போது நாரதர் வருவார். இரண்டு பேருக்கும் தர்க்கம் நடக்கும். புராணம், இலக்கணம், பெண் பெரிதா ஆண் பெரிதா என்று ஒரு மணி நேரம் இழுக்கும். கூட்டம் யார் பக்கம் கைதட்டுகிறதோ அவருக்குத் தெம்பு. மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வரும். பாய் விரித்துப் படுத்திருந்த கிழவிகள்கூட அப்போது எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி சினிமா. பேசும்படமாக 'வள்ளி திருமணம்' 1933-ல் வந்தது. டி.பி.ராஜலட்சுமி வள்ளி. படம் பிடித்தது கல்கத்தாவில். தயாரிப்பில் முக்கியமானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் ஆதியில் யார் தெரியுமா? திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன்! 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். (நம்ம டிராயிங் ஹாலில் தூங்குகிறவர்கள் கவனிக்க.) அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நடிக்கிறபோதே ஒலியும் பதிவாகும். ஆகவே பாடத் தெரிந்த மேடை ஆட்களைத்தான் நடிக்க வைக்க முடியும்.

1945-ல் ஏ.வி.மெய்யப்பன் 'ஸ்ரீ வள்ளி' எடுத்தார். முருகன் சோழவந்தான் டி.ஆர்.மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மணி. மகாலிங்கம் அப்போது இருபதைத் தாண்டிய பையன், நாடகத்தில் பழகிய குரல். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகின பரம்பரை அது. ஸ்டூடியோவில் அந்தச் சத்தத்துக்குத் தேவையே இல்லை, ஆனாலும் அவர் அப்படியேதான் பாடுகிறார். ஜனங்களும் அதற்காகத்தான் கொட்டகைக்கு ஓடினார்கள். ருக்மணியின் பாட்டில் மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. படம் முடிந்தபின் பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, வாயசைவுக்குப் பொருத்தமாகச் சேர்த்துவிட்டார். குரல் ஒருத்தர், முகம் ஒருத்தர்! பாதிப் படம் நாடகத்தில் நிற்கிறது, பாதிப் படம் சினிமாவுக்குத் தாவிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

1961-ல் டி.ஆர்.ராமண்ணா அதே பெயரில் வண்ணப் படமாக எடுத்தார். சிவாஜி முருகன், பத்மினி வள்ளி. இசை ஜி.ராமநாதன், அவருக்கு ஊர் ஸ்ரீரங்கத்துக்கு அக்கரை, கொள்ளிடத்தைத் தாண்டினால் பிச்சாண்டார்கோவில். இப்போது பின்னணிப் பாட்டு முறை முழுசாக வந்துவிட்டது. சிவாஜி பாட வேண்டாம், நடித்தால் போதும். கேமரா கிட்டே போய்க் கண்ணையும் புருவத்தையும் காட்டுகிறது. கொட்டகையில் முன்வரிசைக்காரனுக்குக்கூட இது கிடைக்காது. வேடனாக, வேங்கை மரமாக, விருத்தனாக முருகன் மாறுவதற்கு மேடையில் திரைக்குப் பின்னால் ஓடிப்போய் வேஷம் மாற்ற வேண்டும். சினிமாவில் ஒரு வெட்டு, ஒரு ஒட்டு! இதிலெல்லாம் படம்தான் ஜெயிக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேர நாடகத்தை மூன்று மணிக்குள் அடக்கும்போது முதலில் அடிபடுவது தர்க்கம்தான். போன வாரம் ஊரில் நடந்ததை இழுத்து வள்ளி நாரதரை மடக்குவாளே, அது எந்தப் படத்தில் வரும்?

அந்த 1961 படத்தைத் தாத்தாவுக்கும் போட்டுக் காட்டினேன். சிவாஜி வந்தார், "ம்" என்றார். பத்மினி ஆடினார், "ம்". நாரதர் வந்து வாயைத் திறந்ததும் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "டேய், இது மகாலிங்கம்டா! பழைய முருகன்டா!"

நிஜம்தான். பதினாறு வருஷத்துக்கு முன் முருகனாக நின்றவர், இதில் நாரதர். சொந்தக் குரலில் பாடுகிறார். பக்கத்தில் சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் குரல். ஒரே படத்துக்குள் இரண்டு காலமும் நிற்கிறது. எனக்கு மூன்று வாரமாகப் பிடிபடாத வித்தியாசம் தாத்தாவுக்கு ஒரு பாட்டில் பிடிபட்டுவிட்டது.

கமிட்டியில் நான் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஆனால், "படத்துல வள்ளியை நம்ம ஊர் ஆள் குறுக்குக் கேள்வி கேக்க முடியுமா?" என்று கேட்டபோது டீக்கடை மாமா பெரிசாகச் சிரித்தார். இரண்டு கை வித்தியாசத்தில் நாடகமே தேறியது. அடுத்த வருஷம் திரைதான் என்று கண்டிஷனும் போட்டுவிட்டார்கள்.

அன்று ராத்திரி தாத்தாவை நாற்காலியோடு தூக்கிப்போய் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வாசித்தவர் இருபத்தைந்து வயசுப் பையன். தர்க்கம் ஆரம்பித்தது. நாரதர் ஒரு பாட்டை எடுத்துவிட்டு மேலே போக முடியாமல் தடுமாறினார். பையன் பெட்டியில் சுதியைக் கொடுக்குமுன், பின்பாட்டு இங்கிருந்து கிளம்பியது, நடுங்கின குரலில், ஆனால் சரியான இடத்தில். வள்ளி திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.