பாட்டிலுக்குள் ஒரு மிளகுக் கொடி

திசு வளர்ப்பு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. "லேப்பில் வளர்ந்த செடியாச்சே, அதுக்கு எந்த நோயும் வராது!" மிளகு விஷயத்தில் இந்த நினைப்பை நம்பி ஒருவர் பணத்தைப் போட்டால், ஒரே மழைக்காலத்தில் தோட்டம் காலியாகிவிடலாம். ஏன் என்று பார்ப்போமா நண்பர்களே?

முதலில் நோய். மிளகுக் கொடிக்கு எமன், பைட்டோப்தோரா கேப்சிசி என்ற கிருமி. பார்த்தால் பூஞ்சை போல இருக்கும், ஆனால் உண்மையான பூஞ்சை அல்ல. இதன் வித்துகளுக்கு வால் உண்டு. மழைத் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடித்துக்கொள்ளும். இலையில் கரும்புள்ளி விழும், தண்டின் அடி அழுகும், கணு கணுவாக உதிரும். சில வாரங்களில் கொடி செத்துவிடும். அதனால்தான் இதற்கு விரைவு வாடல் என்று பெயர். நட்டு மூன்று வருஷம் காத்திருந்தவன், காய் பறிக்க வேண்டிய நேரத்தில் காய்ந்த கொடியைப் பிடுங்கி எரிக்கிறான்.

இன்னொரு சங்கதி. மிளகை யாரும் தோட்டத்தில் விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நடுவதுதான் வழக்கம். கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971ல் வெளியிட்ட பன்னியூர்-1 என்ற கலப்பின ரகம் எந்த ஊரில் நின்றாலும் ஒரே தாய்க்கொடியின் துண்டுதான். விளைச்சல் அமோகம், ஆனால் வாடலைத் தாங்காது. ஒன்று தாங்காது என்றால் எல்லாமே தாங்காது. 1845ல் அயர்லாந்தில் நடந்த உருளைக்கிழங்குப் பஞ்சமும் இதே கதைதான். கிழங்கையே வெட்டி நட்ட ஒரே ரகம், இந்தக் கிருமியின் பங்காளி ஒன்று வந்து எல்லாவற்றையும் தின்றது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். ஒரு துண்டுத் திசுவை வைத்து வேலை வாங்குவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. தூத்துக்குடியில் 1973ல் வளர்ப்பு முத்து எடுத்தார்களே, அதில் ஒரு சிப்பியின் சதைப் போர்வையில் சின்னத் துண்டு வெட்டி, ஓர் உருண்டை மணியோடு இன்னொரு சிப்பிக்குள் வைக்கிறார்கள். அந்தத் துண்டின் செல்கள்தான் மணியைச் சுற்றி முத்துப்பை கட்டுகின்றன. மிளகில் துண்டு என்பது நுனிமொட்டு அல்லது ஒரு கணு. சிப்பிக்குப் பதிலாகக் கண்ணாடி பாட்டில். உள்ளே உப்புகள், சர்க்கரை, வைட்டமின், வளர்ச்சி ஹார்மோன். முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962ல் கொடுத்த சமையல் குறிப்பு இது. இறுகுவதற்கு அகார். அந்த அகாரை நம்ம மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். பிறகு ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி. மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெரிய பிரஷர் குக்கர்தான்.

கேட்கச் சுலபம், மிளகோ அடம்பிடிக்கும். வெட்டின இடத்தில் ஒரு சாறு கசிந்து பாட்டிலே கருத்துப்போகும். மேலே மருந்து போட்டுக் கழுவினாலும் தண்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் பாக்டீரியா சாகாது. எல்லாம் நன்றாக வருகிறது என்று நினைக்கும்போது அடியில் பால் மாதிரி கலங்கும். அவ்வளவுதான், பாட்டிலைக் கொட்ட வேண்டியதுதான்.

சரி, தப்பிப் பிழைத்த கன்றுகள்? நுனிமொட்டிலிருந்து வந்தவை தாயின் அச்சு நகல். பன்னியூர்-1ஐ உள்ளே விட்டால் பன்னியூர்-1தான் வெளியே வரும். நோயில்லாமல் வரும், அது உண்மை. ஆனால் நோயில்லாத கன்று வேறு, நோயைத் தாங்கும் கன்று வேறு. மண்ணில் கிருமி இருந்தால் அடுத்த ஆடி மழைக்கு அதுவும் விழும்.

அப்படியானால் தாங்கும் குணம் எங்கிருந்து வரும்? தேடித்தான் எடுக்க வேண்டும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அப்படித் தேடி எடுத்தவைதான் தேவம், சக்தி என்ற ரகங்கள். தேவன்முண்டி என்ற நாட்டு ரகக் கொடிகளில் தேறியது தேவம். பேரம்பிரமுண்டியின் விதையில் முளைத்த நாற்றுகளில் தேறியது சக்தி. விதையில்தான் பிள்ளைகள் வேறு வேறு குணத்தோடு பிறக்கும் என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு நல்ல தாய் கிடைத்த பிறகு அதைச் சீக்கிரம் பெருக்குவதற்குத்தான் பாட்டில்.

பாட்டிலுக்குள்ளேயே தேடுகிற வழியும் உண்டு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. துண்டை மொட்டாக வளரவிடாமல் வெறும் செல் கட்டியாகப் பெருக்கினால், சில செல்களில் குணம் மாறிப்போகும். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி அந்தக் கட்டிகளுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலானவை கருகும். பிழைத்ததை மட்டும் செடியாக்குவார்கள். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்த முறையில் வேலை நடந்திருக்கிறது. ஆனால் பாட்டிலில் தாங்கின செல், தோட்டத்தில் கொடியாக நின்று தாங்குமா என்பது தனிப் பரீட்சை. அதற்கு வருஷக்கணக்கில் மழை பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் சொந்தக்காரர் யாராவது குமரி மலையோரத்திலோ கொல்லிமலையிலோ மிளகு போடுகிறார் என்றால், நர்சரியில் "திசு வளர்ப்புக் கன்றா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். "தாய்க்கொடி எந்த ரகம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த ரகமானாலும் தூரில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டியாக வேண்டும். தேவமும் சக்தியும்கூட நோயைத் தாங்கும் ரகங்களே தவிர, நோயே அண்டாதவை அல்ல.