பின்வருவோர்க்கு ஒரு விளக்கு

ரயில் வண்டியின் கடைசிப் பெட்டியை நின்று பார்த்தவர் நம்முள் எத்தனை பேர் இருப்பர்? ஊருக்குப் புறப்படும் நாளில் நம் கண்கள் நமக்குரிய பெட்டியைத் தேடும். வழியனுப்பச் சென்ற நாளில் ஜன்னலோரத்து முகத்தைத் தேடும். வண்டி நகர்ந்தபின் அதன் இறுதியில் மின்னி மின்னிச் செல்லும் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்துவோர் அரியர். ரயில்வேயில் பணிபுரிவோர்க்கோ அவ்விளக்கு இன்றியமையாதது. நாம் எழுத்து வேலை பார்ப்பவரேயன்றிக் கொடி பிடிப்பவரல்லர்; எனினும் நிலையத்தில் சில ஆண்டுகள் இருந்தவர் எவரும் இதனை அறிவர். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது, அதன் இறுதியில் விளக்கோ கடைசிப் பெட்டிக்குரிய அடையாளமோ இருக்கிறதா என்று பணியாளர் பார்ப்பர். இருந்தால் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று பொருள். இல்லையெனில் நடுவழியில் பெட்டி ஏதேனும் கழன்று நின்றிருக்கலாம். அடுத்த வண்டியை அப்பாதையில் விடலாகாது.

இதனை நாள்தோறும் கண்டுவந்த நாமே, நம் குடும்பத்துக் காரின் பின்விளக்கில் பிழை செய்தோம். அதனை ஒளிக்காமல் எழுதினால் சங்கத்து அன்பர்க்குப் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மாமாவின் கார்

நம் தாய்மாமன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இளவயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். மிளகும் சுக்கும் மணக்கும் யூதத் தெருவில், வாணிகர் ஒருவரிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார் ஓட்டினார். வாணிகர் முதுமையில் கடையை மூடிவிட்டு மக்களோடு வாழச் சென்றபோது, தம் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் காரை மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். 124 என்னும் வரிசையைச் சேர்ந்த வண்டி அது. ஜெர்மனியில் 1984-இல் வெளிவந்த அவ்வரிசை, 1995 முதல் சில ஆண்டுகள் நம் நாட்டில் புனே நகரிலும் செய்யப்பட்டது. அந்நாளில் பெருஞ்செல்வர் வாயிலில் மட்டுமே காணக்கூடிய கார், இன்று எம் சந்தின் முனையில் நிற்கிறது. அண்டை வீட்டுப் பெண் பேறுகாலத்திற்குச் சென்றதும், சங்கத்து மணமக்கள் சிலர் ஊர்வலம் வந்ததும் அதில்தான்.

அவ்வண்டியின் பின்விளக்கு மூடி வழவழப்பாக இராது. மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். கண்ணாடி என்று நாம் வழங்கினாலும் அது பிளாஸ்டிக்கே. 1971-இல் அந்நிறுவனத்தின் எஸ்.எல். என்னும் காரில் இவ்வமைப்பு முதலில் வந்தது. சாலைச் சேறு மேட்டில் படிந்தாலும், பள்ளத்தில் அத்துணை எளிதில் படிவதில்லை. ஆதலால் மழையில் ஓடும் வண்டியிலும் விளக்கு ஓரளவு தெரிந்துகொண்டே இருக்கும். இதன் அருமை அப்போது எமக்குத் தெரியவில்லை.

அழகு செய்த கதை

மாமாவின் மகனுக்கு வயது இருபத்திரண்டு. ஒருநாள் அவன், “அத்தான், புது வண்டிகளெல்லாம் பின்னால் கறுப்பாக, ஒரே கோடாக எரிகின்றன. நம்முடையது மட்டும் கிழவனைப்போல் நிற்கிறது” என்றான். எமக்கும் ஆசை பிறந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டு முற்றத்திலேயே வேலை நடந்தது.

முதலாவதாக, டிக்கியின் உட்புறமிருந்து விளக்குகளைக் கழற்றி, மூடியின்மேல் கறுப்புச் சாயல் தரும் ஸ்பிரேயை மும்முறை அடித்தோம். இரண்டாவதாக, பழைய பல்புகளை எடுத்துவிட்டு, தபாலில் வரவழைத்த வெள்ளை எல்.இ.டி. பல்புகளைப் பொருத்தினோம். உடனே வண்டியின் முன்பலகையில், ‘விளக்கு ஒன்று பழுது’ என்று காட்டும் எச்சரிக்கை எரியத் தொடங்கிற்று. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். அதனைக் கண்ட வண்டி, பல்பு அணைந்ததாக எண்ணிக்கொண்டது. அவ்வெச்சரிக்கையை என்ன செய்வது? மூன்றாவது வேலையாக அதன் பல்பையே பிடுங்கிவிட்டோம்!

வண்டி பார்க்க அழகாகவே இருந்தது. மாமா மட்டும் சுற்றிவந்து பார்த்து, “இருட்டாக இருக்கிறதே, மருமகனே” என்றார். பகல் வெளிச்சத்தில் அப்படித் தோன்றும் என்று விடையளித்தோம்.

அந்த மாலை

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம். வெலிங்டன் தீவிலிருந்து மாமா தோப்பும்படி வழியாக வந்துகொண்டிருந்தார். அந்தி நேரம், மழை கொட்டிற்று. மூதாட்டி ஒருவர் சாலையின் குறுக்கே வரவே பிரேக்கை அழுத்தினார். பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் காரின்மேல் மோதிக் கீழே விழுந்தார்.

விழுந்தவர் அயலார் அல்லர். போர்ட்டு கொச்சித் தோபி கானாவில் சலவைத் தொழில் செய்யும் நம் தமிழர் ஒருவர். வெளுத்து இஸ்திரி போட்ட துணி மூட்டை சேற்றில் கிடந்தது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். உயிருக்குத் தீங்கில்லை என்பது ஒன்றே ஆறுதல். மருத்துவமனையில் அவர் சினந்து பேசவில்லை. “கார் நிற்கிறது என்றே தெரியவில்லை, அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். மாமாவின் நாற்பதாண்டு ஓட்டுநர் வாழ்வில் அவர் வண்டியால் ஒருவர் அடிபட்டது அதுவே முதல் முறை. அன்றிரவு அவர் உண்ணவில்லை. எம்மை ஒரு சொல்லும் கடியவுமில்லை.

மருத்துவச் செலவை நாம் ஏற்றோம். அவர் கை தேறும்வரை மைத்துனன் விடியற்காலையில் தோபி கானா சென்று துணி உலர்த்தியும், வீடு வீடாகக் கொண்டு கொடுத்தும் வந்தான்.

பிழை எங்கே?

பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தபோது பிழைகள் விளங்கின. கறுப்புப் பூச்சு ஒளியில் பாதியைத் தடுக்கிறது என்று கொள்வோம். விளக்கின் ஒளி பாதியாகும். ஆனால் பின்வரும் வண்டியின் ஒளியைத் திருப்பியனுப்பும் சிவப்புப் பிரதிபலிப்பானிலோ, ஒளி பூச்சினைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கடக்க வேண்டும். ஆகவே அங்கே எஞ்சுவது கால்பங்கே.

அடுத்தது வெள்ளை எல்.இ.டி. சிவப்பு மூடி சிவப்பொளியை மட்டுமே வெளியே விடும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பு குறைவு. பெரும்பகுதி உள்ளேயே வீணாகிறது. மேலும், சாதாரணப் பின்விளக்கு 5 அல்லது 10 வாட், பிரேக் விளக்கு 21 வாட் என்று வேறுபடுத்தியிருப்பது காரணத்தோடுதான். யாம் போட்ட பல்புகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக எரிந்தன. பின்வருபவர் எரியும் விளக்கைக் காணவில்லை என்பதன்று. அது மாறியதைக் காணவில்லை.

எல்.இ.டி. தீயது என்று நாம் கூறவில்லை. இழை பல்பு முழு ஒளி பெற ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும்; எல்.இ.டி. அக்கணமே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்நேரத்திற்குள் வண்டி 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கு நன்மையே தரும். வேறு பல்புக்காகச் செய்த கூட்டில் அதனைத் திணிப்பதே தவறு.

சட்டமும் இதையே கூறுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்விளக்கின் சிவப்பொளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பின்புற எண் பலகை வெள்ளொளியில் 15 மீட்டரிலிருந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். திரும்பும் விளக்கு நிமிடத்திற்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் சிமிட்ட வேண்டும். தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.

சீர்செய்த முறை

பூச்சினை அகற்ற முயன்று மற்றொரு பாடம் கற்றோம். மூலையில் தின்னர் தொட்டுத் துடைத்தபோது பிளாஸ்டிக் வெளுத்து நுண்விரிசல் கண்டது. உப்புத்தாளோ வரிகளின் பள்ளத்தில் நுழையவில்லை. இறுதியில் பழைய உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி மூடிகள் வாங்கினோம். அவற்றைச் சோப்பு நீராலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் தேய்த்ததே போதுமானதாயிற்று.

பின்னர்தான் உண்மையான வேலை தொடங்கிற்று. நம் கொச்சியின் உப்புக்காற்று பல்பு மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பை ஏற்றியிருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் அதைச் சுரண்டினோம். எர்த் வயரின் முனையையும் துலக்கி இறுக்கினோம். பிரேக்கை அழுத்தும்போது மற்றொரு விளக்கு மங்கலாக எரிந்தால், பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று அறிக. விளக்கிற்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் இற்றிருந்ததால் புதிது போட்டோம். இல்லையேல் மழைநீர் டிக்கிக்குள் இறங்கும். குறித்த வாட் அளவுள்ள பல்புகளையே மாட்டினோம். பிடுங்கிய எச்சரிக்கை பல்பையும் அதனிடத்தில் வைத்தோம், அது எரியவில்லை.

ஓரிரவு வெலிங்டன் தீவின் ஆளரவமற்ற நேர்ச்சாலையில் காரை நிறுத்திச் சோதித்தோம். 155 மீட்டர் என்பது பெரம்பூரில் செய்த பழைய ரயில் பெட்டிகள் ஏழினைக் கோத்த நீளம். நடந்தால் ஏறக்குறைய 200 காலடி. மாமா பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டார். தூரத்தில் நின்ற எமக்கு ஒவ்வோர் அழுத்தமும் தெளிவாகத் தெரிந்தது. எம்முடன் நின்றவர் அந்தச் சலவைத் தொழிலாளி. அவரே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மாமா அழைத்து வந்திருந்தார். அவர், “இப்போது தெரிகிறது” என்றார்.

அன்பர்களே, நம் குடும்பங்களில் ஆட்டோ ஓட்டுவோர் உளர். ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்வோர் உளர். பழைய கார் வைத்திருப்போரும் சிலர் உளர். முன்விளக்கு அணைந்தால் நமக்கே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தாலோ பிறர் சொன்னாலன்றித் தெரியாது. மழைக்காலத்திற்கு முன் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு விளக்கையும் எரித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பார்த்துச் சொல்ல ஆளில்லாதவர், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு வண்டியோடு வரட்டும். நாமும் மைத்துனனும் பின்னால் நின்று பார்த்துச் சொல்வோம்.