எல்லாம் திறந்து கிடக்கும் ஊரில் எதற்குப் பேப்பர்?

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது, சில நாட்களில் தண்ணீருக்கு முன்னால் நுரைதான் கண்ணில் படும். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டுதான் ஓசூருக்கு வருகிறது. இதைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒருவர் ஒரு வரி எழுதுகிறார் என்று வையுங்கள். "சான்று எங்கே?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் நாளிதழ்ச் செய்தி ஒன்றை இணைப்பார். யார், எந்த நிமிடம், எந்தச் சொல்லை மாற்றினார் என்ற விவரம் முழுக்க அந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும்.

இப்படி ஒளிவுமறைவே இல்லாத ஊரில் செய்தித்தாளுக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மட்டும் இன்று நிமிடத்துக்குச் சுமார் நூறு திருத்தங்கள் நடக்கின்றன. எல்லாம் கண்ணெதிரே நடந்தாலும் எதையும் பார்க்க முடியாது. மைக்கேல் ஸ்னோ என்ற பங்களிப்பாளர் 2005 ஜனவரியில் தொடங்கிய 'சைன்போஸ்ட்' அந்தக் குவியலில் செய்தி பொறுக்கும் இதழ். ஆசிரியர், நிருபர் யாருக்கும் சம்பளம் கிடையாது. இதழ் வேண்டும் என்று கேட்ட பயனர்களின் பேச்சுப் பக்கத்தில் ஒரு தானியங்கி நிரல் இதழைப் போட்டுவிட்டுப் போகும், வாசலில் பேப்பர் விழுவதுபோல.

அச்சாவதும் விக்கிப்பீடியாவின் பக்கத்திலேயேதான். அதனால் செய்தியை ஆசிரியர் எப்படி வெட்டினார், தலைப்பை எத்தனை முறை மாற்றினார் என்று வாசகர் பார்த்துவிடலாம். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் ஏற்பாடு!

பங்களிப்பாளர் சண்டைகளில் நடுவர் குழு சொன்ன தீர்ப்பு, விக்கிப்பீடியா பற்றிய ஆய்வுகள், அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்கள் என்று பல பகுதிகள் வரும். பிரபலம் ஒருவர் இறந்தால் அவர் பக்கம் மளமளவென்று மேலே ஏறிவிடுவதை அந்தக் கடைசிப் பட்டியலில் காணலாம். எனக்குப் பிடித்தது இதழின் முதுகெலும்பு. விக்கிப்பீடியாவின் சர்வரை நடத்துவது விக்கிமீடியா அறக்கட்டளை. அதன் செலவு கட்டுக்கடங்காமல் வளர்கிறது என்று சாடும் கட்டுரையை 2017இல் அதே சர்வரில் வெளியிட்டது சைன்போஸ்ட்.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அளவில் சிறியது. பொதுப்பேச்சு 'ஆலமரத்தடி' என்ற பக்கத்தில் நடக்கிறது. உட்கார்ந்தால் ஓரளவு எல்லாம் காதில் விழும். நாளானால் அந்தப் பேச்சும் பழைய தொகுப்புகளுக்குள் போய்விடும். ஒரு விதி ஏன் வந்தது என்று புதியவர் கேட்டால், பழைய ஆள் யாராவது தேடி எடுத்துத் தர வேண்டியதுதான்.