எழுத்துக்கு முன்னே பேச்சு

தரையில் ஒரு மாமரம். குச்சிகளை அடுக்கிப் போட்ட மரம். அடிமரத்திலிருந்து நாலைந்து கிளைகள், ஒவ்வொரு கிளையிலிருந்தும் சின்னக் கிளைகள். செனகல் நாட்டுக் கிராமம் ஒன்றின் வகுப்பில், பேரப்பிள்ளை எடுத்த பெண்கள் ஒவ்வொருவராக அடிமரத்தில் நின்று கிளை வழியே நடக்கிறார்கள். அது செல்போனின் மெனு. இந்தக் கிளையில் போனால் பெயர்களும் எண்களும். அந்தக் கிளையில் போனால் குறுஞ்செய்தி. அதன் நுனியில் செய்தி எழுதும் இடம். தப்பான கிளையில் ஏறிவிட்டால் வந்த வழியே திரும்பி, மறுபடி அடிமரத்துக்கு வர வேண்டும். காலுக்குப் பழகிய வழி கைக்கு வர அதிக நேரம் ஆவதில்லை.

யுனிசெஃப் அமைப்பின் துணையோடு 2009 வாக்கில் தொடங்கிய பாடம் இது. அதற்கு ஒரு தேவை இருந்தது. தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்ற பெண்களுக்கு, வகுப்பு முடிந்ததும் படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. ஊரில் பத்திரிகை கிடையாது, பெயர்ப்பலகைகூட பிரெஞ்சில்தான் இருக்கும். கற்றது சீக்கிரமே மறந்துபோகும். குறுஞ்செய்தி வந்ததும் எழுத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

இந்த வகுப்புகளை நடத்துவது டோஸ்டன் என்ற அமைப்பு. அதன் கதை ஓர் அமெரிக்கப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. மோலி மெல்சிங் 1974ல் பரிமாற்ற மாணவியாகத் தலைநகர் டக்காருக்கு வந்தவர். வந்தவர் வோலோஃப் மொழியைக் கற்றுக்கொண்டார், ஊர் திரும்பவில்லை. வீட்டில் வோலோஃப் பேசும் குழந்தை, பள்ளியில் புரியாத பிரெஞ்சில் திக்கித் திணறுவதைப் பார்த்து, டக்காரின் மெதினா பகுதியில் வோலோஃப் மொழியிலேயே ஒரு சிறுவர் மையம் நடத்தினார். வானொலியிலும் அதே மொழியில் நிகழ்ச்சி செய்தார். 1982ல் தியெஸ் நகருக்கு அருகே, மின்சாரம் எட்டாத சாம் ஞாய் என்ற சிறு கிராமத்துக்கே குடிபோய்விட்டார். அங்கே ஊர்க்காரர்களோடும் செனகல் நண்பர்களோடும் உட்கார்ந்து, எது புரிகிறது, எது புரியவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பாடங்களை உருவாக்கினார். 1991ல் அது முறையான அமைப்பானது.

டோஸ்டனுடையது மூன்று ஆண்டுப் பாடத்திட்டம். நிபந்தனைகள் எளியவை, ஆனால் கறாரானவை. ஊர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு இடம் ஊர் தர வேண்டும். கொட்டகையோ மரத்தடியோ, அது அவர்கள் பாடு. ஆசிரியர் தங்க இடமும் சாப்பாடும் ஊரின் பொறுப்பு. அந்த ஆசிரியர் அதே மொழி பேசுபவராக இருப்பார், மூன்று வருடமும் அங்கேயே குடியிருப்பார். பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு, இளவட்டங்களுக்கு ஒரு வகுப்பு, வாரத்துக்கு மூன்று நாள். வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும், வராத ஒருவரைத் தத்தெடுத்து, அன்றைய பாடத்தை அவருக்குச் சொல்லித்தர வேண்டும். பதினேழு பேர் கொண்ட ஊர்க் கமிட்டி ஒன்று அமையும். அதில் ஒன்பது பேராவது பெண்கள். பதினேழில் ஒன்பது என்று வைத்தவருக்குக் கணக்கும் தெரிந்திருக்கிறது, ஊரும் தெரிந்திருக்கிறது.

எழுத்து முதலில் வருவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். கிட்டத்தட்ட முதல் ஓராண்டு முழுக்கப் பேச்சுதான். வட்டமாக உட்கார்ந்து, நம் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மனித உரிமை, பிரச்சினையை அலசித் தீர்க்கும் வழி, கை கழுவுவது, தடுப்பூசி, பிரசவம். பாட்டு, கூத்து, நாடகம் எல்லாம் உண்டு. மாமியாராக மருமகளும், கணவனாக மனைவியும் நடிக்கும்போது, நேருக்கு நேர் சொல்ல முடியாததெல்லாம் சிரிப்போடு சிரிப்பாக வெளியே வந்துவிடுகிறது. சபையில் வாய் திறந்தறியாத பெண்கள் இப்படித்தான் பேசப் பழகினார்கள். அரிச்சுவடியும் கணக்கும் கமிட்டிப் பணத்தைக் கையாளும் வழியும் அதற்குப் பிறகுதான். எழுத்தறிவு இயக்கம் என்றால் சிலேட்டைக் கையில் கொடுப்பது என்று நினைக்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். பேச வராதவருக்கு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதை மலிக்குண்டா பம்பாரா காட்டியது. ம்பூர் நகருக்கு அருகே உள்ள இந்தக் கிராமத்துப் பம்பாரா மக்களிடம் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. வெட்டப்படாத பெண் சமைத்தால் சாப்பிட மாட்டார்கள், அவளுக்கு மாப்பிள்ளையும் அமையாது. வகுப்பில் யாரும் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டவில்லை. பெண்ணின் உடல்நலம் பற்றிய பாடத்தில், ரத்தப்போக்கு, சீழ், பிரசவச் சிக்கல் ஆகியவற்றின் வரிசையில் இதுவும் வந்தது. முதலில் அமைதி. பிறகு ஒருத்தி பேசினாள், இன்னொருத்தி பேசினாள். 1997 ஜூலை 31 அன்று, பத்திரிகையாளர்கள் முன்னிலையில், இனி எங்கள் ஊரில் இது கிடையாது என்று அந்தப் பெண்கள் அறிவித்தார்கள்.

பாராட்டு குவிந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. சுற்றுவட்டாரத்தில் கோபம்தான் குவிந்தது. அந்தரங்கத்தை ஊர் அம்பலத்தில் போட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று ஏசினார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டெம்பா ஜவாரா. தியெஸ் அருகே கெர் சிம்பாரா கிராமத்தின் இமாம், வயதானவர். அவரும் முதலில் முகம் சுளித்தவர்தான். பெண்களிடமும் மருத்துவர்களிடமும் மற்ற இமாம்களிடமும் கேட்டுப் பாருங்கள் என்றார் மோலி. கேட்டார். குர்ஆனில் இது கட்டளை இல்லை என்று தெளிந்தார். தன் வீட்டுப் பெண்கள் இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்ததையும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்ன யோசனைக்கு எந்த நிபுணரும் கிட்ட வர முடியாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குள் நடக்கிறது. ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்ணை யார் கட்டுவார்கள்? ஒரு குடும்பம் என்றால் சம்பந்திகள் எல்லாரும் சேர்ந்ததுதான் குடும்பம். எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சொன்னதோடு நிற்கவில்லை. நடந்தார். உறவுமுறை உள்ள பத்துக் கிராமங்களுக்கு, மருமகனை உடன் அழைத்துக்கொண்டு, கால்நடையாகவே போனார். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவதில்லை. நலம் விசாரிப்பார், உறவு சொல்வார், மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார், வகுப்பில் கற்றதை மெல்லச் சொல்வார். 1998 பிப்ரவரியில் ஜாபுகு கிராமத்தில் கூடிய பதின்மூன்று ஊர்கள் சேர்ந்து வெட்டுச் சடங்கைக் கைவிடுவதாக அறிவித்தன. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் சார்பில் வந்த அறிவிப்பு அது.

இதில் ஓர் ஆச்சரியம். ஜெரி மேக்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1996ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். சீனத்தில் பெண்களின் பாதங்களை இறுகக் கட்டும் வழக்கம் ஒரே தலைமுறையில் ஒழிந்தது எப்படி? தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்கள், பெண்ணுக்குப் பாதம் கட்ட மாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை எடுக்கவும் மாட்டோம் என்று கூட்டாகச் சத்தியம் செய்ததால்தான் என்றது அந்தக் கட்டுரை. ஆப்பிரிக்க வெட்டுச் சடங்கும் அப்படித்தான் ஒழியும் என்றார் அவர். கெர் சிம்பாரா இமாம் அந்தக் கட்டுரையைப் படித்தவரல்ல. சம்பந்தம் பேசிப் பழகியவருக்கு அது தானாகவே தெரிந்திருந்தது.

1999 ஜனவரியில் செனகல் அரசு தடைச் சட்டமும் கொண்டுவந்தது. சட்டத்தை எதிர்க்கவென்றே அவசரமாகச் சிறுமிகளுக்குச் சடங்கு நடத்திய இடங்களும் உண்டு. பிறகு ஊர் ஊராக அறிவிப்புகள் தொடர்ந்தன. ஆயிரக்கணக்கான கிராமங்கள் சேர்ந்தன. அண்டை நாடுகளுக்கும் அறிவிப்புகள் பரவின. 2007ல் டோஸ்டனுக்கு ஹில்டன் மனிதநேயப் பரிசு கிடைத்தது. ஆனாலும் அறிவித்த ஊரில் எல்லா வீடும் விட்டுவிட்டதாக அர்த்தமில்லை என்பதை மதிப்பீட்டாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 2010-11 தேசிய ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 26 விழுக்காட்டினர் வெட்டப்பட்டிருந்தார்கள். 2019லும் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். சிறு வயதில் வெட்டப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க இந்தக் கணக்கில் இருப்பார்கள் என்பதால் இது மெதுவாகத்தான் இறங்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும், விழா எடுத்து அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் சடங்கைப் பற்றியே எழுதினாலும், வகுப்புகளின் அன்றாடம் வேறு. கமிட்டிப் பெண்கள் ஊரைக் கூட்டிக் குப்பை அள்ளுகிறார்கள், சுழல்நிதியிலிருந்து சிறு கடன் கொடுத்து வாங்குகிறார்கள், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறார்கள். அண்மைக் காலத்தில் வந்த ஒரு பாடம் கைக்குழந்தையோடு பேசுவது. குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசினால் கெட்ட ஆவி அண்டும் என்ற பயம் அங்கே பல ஊர்களில் உண்டு. அதையும் திட்டாமல், மூளை எப்படி வளர்கிறது என்று விளக்கித்தான் பேச வைக்கிறார்கள். நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கெர் சிம்பாராவிலிருந்து போன பெண்கள் ராஜஸ்தானின் திலோனியாவில், பங்கர் ராய் 1972ல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், ஆறு மாதம் தங்கிச் சூரிய விளக்கு பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுத் திரும்பினார்கள். அவர்களுக்கு இந்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வயர்களின் நிறத்தையும் ஆசிரியரின் கையையும் பார்த்தே கற்றார்கள்.

மூன்றாம் ஆண்டு முடிவில் ஆசிரியர் கிளம்பிவிடுவார். கமிட்டி தானாக நடக்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கித் தருவதும் அதன் வேலைகளில் ஒன்று. கூட்டக் குறிப்பையும் கடன் கணக்கையும் தாய்மொழியில் எழுதக் கற்ற பெண், அந்தச் சான்றிதழுக்காக அரசு அலுவலகத்துக்குப் போனால், அங்கே நீட்டப்படும் படிவம் இன்னும் பிரெஞ்சில்தான் இருக்கிறது.